பேண்ட் சா வாங்கும்போது ஹெச்.பி.யைக் கேட்காதீர்கள்

"மோட்டார் மூணு ஹெச்.பி. சார், ஆனாலும் வெட்டு கோணலாப் போகுது." இந்த வாரமும் இதே புகார். கிரில் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கடன் வாங்கிப் பழைய பேண்ட் சா (வளையமான ரம்ப பிளேடு சுற்றி ஓடி இரும்பை வெட்டும் மெஷின்) எடுத்திருக்கிறார். பிளேடைக் கழற்றிப் பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்குப் பல்லே இல்லை.

தயவுசெய்து ஹெச்.பி.யைப் பார்த்து வாங்குவதை நிறுத்துங்கள். 1 ஹெச்.பி. மோட்டாரும் 3 ஹெச்.பி. மோட்டாரும் அதே 1440 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) என்றால், அதே புல்லியில் பிளேடு ஓடும் வேகமும் அதேதான். பிளேடு சிக்கினால் சின்ன மோட்டார் திணறி நின்றுவிடலாம், பெரிய மோட்டாரில் பிளேடு அறுந்து தெறிக்கலாம். நான்கு அங்குல ராடு வெட்டும் சிறு மெஷினுக்கு அரை ஹெச்.பி.யே போதும். வெட்டு நேராக வருவது பல்லையும், பிளேடை நேராகப் பிடித்து நிறுத்தும் கைடையும் பொறுத்தது. பிளேடின் ஆயுள் வேகத்தில் இருக்கிறது: எம்.எஸ்.ஸுக்கு (சாதா இரும்பு) நிமிடத்துக்குச் சுமார் 60 மீட்டர், எஸ்.எஸ்.ஸுக்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) அதில் பாதி. மரம் அறுக்கும் பேண்ட் சாவில் இரும்பு பிளேடு மாட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். அது பல நூறு மீட்டர் வேகத்தில் ஓடும், பல் சூடேறி உடனே மழுங்கிவிடும். வேண்டவே வேண்டாம்.

அந்தத் தம்பி வெட்டியது 2 மி.மீ. கனமுள்ள சதுரப் பைப்பு. மாட்டியிருந்ததோ அங்குலத்துக்கு 6 பல். பல்லுக்குப் பல் 4 மி.மீ.க்கு மேல் இடைவெளி. பைப்பின் விளிம்பு அதற்குள் விழுந்து பல்லைப் பிடுங்கிவிடும். அங்கே 10/14, அதாவது அங்குலத்துக்கு 10 முதல் 14 பல் உள்ள பிளேடு போட வேண்டும். 4/6 எல்லாம் இரண்டு அங்குல சாலிட் ராடுக்கு.

காசு குறைவென்றால் பழையதே வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் ராடை நீங்களே கொண்டுபோய் ஒரு வில்லை வெட்டச் சொல்லி, அதன் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் வெர்னியர் (அளவுக் கருவி) வைத்துக் கனம் பாருங்கள். வித்தியாசம் வந்தால் முதலில் கைடு பேரிங்கைச் சந்தேகியுங்கள், அதை மாற்றிக்கொள்ளலாம். பிளேடு மாட்டிய ஆர்மை மெல்ல இறக்கும் ஆயில் சிலிண்டரின் வால்வை மூடியும் ஆர்ம் தானாக இறங்குகிறதா? சிலிண்டர் சீல் போயிருக்கும், பேரம் பேசுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலை விரலில் தொடுங்கள். பொன்னிறத் தூள் மின்னினால் உள்ளே கன்மெட்டல் (வெண்கல வகை) பல்சக்கரம் தேய்கிறது; எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கையிலிருப்பதை எல்லாம் மெஷினுக்கே கொட்டாதீர்கள். இரண்டு நல்ல பை-மெட்டல் (உடல் ஒரு உலோகம், பல் அதைவிடக் கடினமான வேறு உலோகம்) பிளேடுக்குப் பணம் ஒதுக்குங்கள். புது பிளேடை முதல் சில வெட்டுக்குப் பாதி அழுத்தத்தில் ஓட்டுங்கள். சுருட்டிய பிளேடைப் பிரிக்கும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். மெஷின் ஓடத் தொடங்கிவிட்டால் அந்தக் கையுறையைக் கழற்றிவிடுங்கள் தம்பி, பல்லில் மாட்டினால் கையையும் சேர்த்தே இழுக்கும்.