லேசர் என்கிரேவிங்: சீரொளிப் பொறிப்பு

வண்ணம் பூசி முடித்த எலக்ட்ரிக் கிட்டாரின் உடற்பகுதியில், வாடிக்கையாளர் கேட்ட பெயரையோ சின்னத்தையோ லேசர் கதிரால் பதிக்கும் வேலையே லேசர் என்கிரேவிங். 'லேசர்' என்பது 'தூண்டிய கதிர் உமிழ்வால் ஒளியைப் பெருக்குதல்' என்ற பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்து, 1957இல் அமெரிக்க இயற்பியலாளர் கார்டன் கூல்ட் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்த பெயராகும். அதன் அலைகள் ஒன்றோடொன்று ஒத்துச் செல்வதால், யாப்பில் ஓசை ஒழுங்கைத் தாங்கும் 'சீர்' என்ற சொல்லை முன்னிறுத்திச் 'சீரொளி' என்று தமிழில் வழங்குவது பொருத்தமே.

'என்கிரேவ்' என்னும் வினையின் வேர்ப்பொருள் 'தோண்டு' என்பது. கல்லறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரினது. தமிழில் செதுக்குதல் உளியின் வேலை, அரித்தல் அமிலத்தின் வேலை. பாத்திரக் கடையில் 'பேர் வெட்டுவது' இதற்கு மிக நெருங்கியது என்றாலும், கதிர் எதையும் வெட்டி எடுப்பதில்லை, ஆவியாக்கி அகற்றுகிறது. சேரன் இமயத்தில் வில் பொறித்ததை அகநானூறு (127) சொல்லும் 'பொறித்தல்' என்ற வினையே இங்குச் சரியானது. பொறி என்பது அடையாளம், தீப்பொறி, இயந்திரம் ஆகிய மூன்றையும் குறிப்பதால், இந்த வேலைக்கென்றே காத்திருந்த சொல்லைப் போல அது அமைகிறது.

இத்தகைய வேலைக்குப் பெரிதும் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் ஏறத்தாழ 10.6 மைக்ரோமீட்டர், நம் கண்ணுக்குக் கண்ணாடிபோல் தெரியும் மேற்பூச்சு இந்த அகச்சிவப்புக் கதிருக்கு ஊடுருவ இடந்தராமல் அதை உறிஞ்சிக்கொள்வதால், முதலில் மேற்பூச்சும், பின்னர் வண்ணமும் அடிப்பூச்சும் அகன்று, இறுதியில் மரம் கருகத் தொடங்குகிறது. பழைய கிட்டார்களில் காணப்படும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு எளிதில் தீப்பற்றும். மீட்டும்போது உடற்பகுதியில் கீறல் விழாமல் காக்கும், பிவிசி பிளாஸ்டிக்கால் ஆன பிக்கார்ட் தகட்டின் மேல் கதிர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு வெளிவரும் என்பதால், அதைக் கழற்றாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. கழுத்துப் பகுதி வந்து பொருந்தும் குழியில், வெளியே தெரியாத இடத்தில், முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

வண்ணத்தோடு நிற்பதும் மரம்வரை இறங்குவதும் வெவ்வேறு வேலைகளாகையால், வாடிக்கையாளருக்குத் தரும் சீட்டில் 'சீரொளிப் பொறிப்பு' என்று மட்டும் எழுதாமல், 'வண்ணம் நீக்கிய பொறிப்பு' அல்லது 'மரப் பொறிப்பு' என ஆழத்தையும் சேர்த்துக் குறிப்பதே என் பரிந்துரை.