கோடை வகுப்பில் வாங்கிய எஃப் கோடையோடு போகாது

கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டாண்டுப் படிப்பு நடத்தும் அரசுக் கல்லூரியில், மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலராக இருக்கிறேன். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் கோடையில் இங்கே கல்லூரிப் பாடங்கள் எடுக்கலாம். ஆகஸ்ட் பிறந்தால் நம் தமிழ்ப் பெற்றோரிடமிருந்து அழைப்புகள் வரத் தொடங்கும். இந்த வருடமும் வந்துவிட்டன. மனசு பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண். எங்கள் கல்லூரியின் ஆறு வார ஆன்லைன் வகுப்பில் அறிமுக உளவியல் எடுத்தாள். மூன்றாவது வாரம் குடும்பத்தோடு சென்னையில் கல்யாணம். ஆன்லைன் தேர்வு மூடும் நேரம் இங்கே இரவு 11:59. அங்கே மறுநாள் பகல் 12:29. பந்தியில் உட்கார்ந்திருக்கும் நேரம். இரண்டு தேர்வுகள் தவறின. அப்புறம் பாடமும் மதிப்பெண்ணும் இருக்கும் கேன்வாஸ் தளத்தைத் திறப்பதையே விட்டுவிட்டாள். போகாவிட்டால் கல்லூரியே பெயரை எடுத்துவிடும் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். எஃப், அதாவது தோல்வி மதிப்பெண், விழுந்துவிட்டது.

"ஸ்கூல் பொண்ணுதானே மேடம், இன்ட்ரோ கோர்ஸ்தானே, இதெல்லாமா கணக்குல வரும்?" என்று அம்மா கேட்டார்.

வரும். முழுக்க வரும். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று நாங்கள் தனியாக எளிய பாடம் நடத்துவதில்லை. இருபது வயது மாணவருக்கும், வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் நாற்பது வயதுக்காரருக்கும் அதே பாடத்திட்டம், அதே தேர்வு, அதே மதிப்பெண். அந்த மதிப்பெண் கல்லூரியின் நிரந்தரப் பதிவேட்டில், டிரான்ஸ்கிரிப்டில், ஏறிவிடும். அவள் பன்னிரண்டாம் வகுப்பில் யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது அதைக் காட்டியே ஆக வேண்டும். நாளைக்கு மருத்துவம் படிக்க நினைத்தாலும், சட்டம் படிக்க நினைத்தாலும், அந்த விண்ணப்பங்களில் பள்ளி நாளில் எடுத்த கல்லூரிப் பாடங்களும் மதிப்பெண் சராசரியில் சேரும். "திரும்ப எடுத்து ஏ வாங்கிவிடலாமே" என்பார்கள். எஃப் வாங்கினால் திரும்ப எடுக்கலாம், எங்கள் கல்லூரிக் கணக்கில் சராசரியும் சரியாகும். ஆனால் பழைய எஃப் பதிவேட்டில் அப்படியே நிற்கும். மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் இரண்டுமே கணக்கில் வரும். சி வாங்கியவர்கள் பாடு இன்னும் சங்கடம். அது தேறிய மதிப்பெண் என்பதால் பொதுவாக அந்தப் பாடத்தைத் திரும்ப எடுக்கவே முடியாது.

வேலைப் பளு பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாடத்தின் அளவை யூனிட் கணக்கில் சொல்வோம். எங்கள் மாநில விதிப்படி ஒரு யூனிட்டுக்குக் குறைந்தது 48 மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டுப்பாடம் எல்லாம் சேர்த்து. மூன்று யூனிட் பாடத்துக்கு 144 மணி நேரம். ஆறு வாரத்தில் முடிக்க வாரத்துக்கு 24 மணி நேரம். இதோடு இன்னொரு பாடம், நீச்சல், பரதநாட்டியம், ஊர்ப் பயணம்! எந்தக் குழந்தையால் முடியும்?

பாடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். வேதியியலில் பிற துறையினருக்கு ஒரு அறிமுகப் பாடம், அறிவியலும் இன்ஜினியரிங்கும் படிக்கப் போகிறவர்களுக்கு வேறொன்று. முந்தையதை முடித்துவிட்டு இன்ஜினியரிங்குக்கு உதவும் என்று காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்யூனிட்டி காலேஜ் பாடம் யூசி, கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) பல்கலைக்கழகங்களில் எதற்கு ஈடாகும் என்பது அசிஸ்ட் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சேர்வதற்கு முன்பு பாருங்கள், பிறகு அல்ல.

இன்னொன்று. நீங்கள் ஃபோன் செய்து மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டால் எங்கள் கல்லூரியில் சொல்ல மாட்டோம். கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்லூரியில் சேர்ந்துவிட்டால், மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் ஃபெர்பா என்ற அமெரிக்கச் சட்டப்படி, வயது பதினைந்தே ஆனாலும் அந்தப் பதிவுகள் மீதான உரிமை மாணவருடையது. அதனால் வாரம் ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து கேன்வாஸில் மதிப்பெண்களைச் சேர்ந்து பாருங்கள்.

வகுப்பில் சேரும் அன்றே இரண்டு தேதிகளைக் காலண்டரில் எழுதுங்கள்: பதிவேட்டில் சுவடில்லாமல் விலகக் கடைசி நாள், டபிள்யூ குறியோடு (பாதியில் விலகியதாகப் பதிவேட்டில் நிற்கும் குறி) விலகக் கடைசி நாள். குறுகிய கோடை வகுப்பில் முதல் தேதி கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். விலகுவதென்றால் கல்லூரித் தளத்தில் மாணவரே போய் டிராப் செய்ய வேண்டும். தானாக நடக்கும் என்று நம்பாதீர்கள். ஊருக்குப் போகிற கோடையில் தயவுசெய்து வகுப்பே வேண்டாம். முதன்முறை என்றால் ஒரே ஒரு பாடம், அதுவும் பிள்ளைக்குப் பிடித்ததாக இருக்கட்டும். பிடித்த பாடத்தை எடுத்து, பதினாறு வயதில் பேராசிரியரிடம் கை தூக்கிக் கேள்வி கேட்கும் பிள்ளைகளும் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க அத்தனை சந்தோஷமாக இருக்கும்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டிருந்தால் ஒளிக்காதீர்கள், பிள்ளையைத் திட்டாதீர்கள். டபிள்யூ தேதி தாண்டுவதற்குள் அவளையே எங்களுக்கு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். உடல்நலக் குறைவு, வீட்டில் இழப்பு போன்ற காரணங்களுக்குத் தேதி தாண்டிய பிறகும் மனுக் கொடுக்க வழி உண்டு. ஆனால் சான்றுக் கடிதம் வேண்டும், கல்யாணப் பத்திரிகை செல்லாது.