ஆரஞ்சின் 'ந' எங்கே போனது?

'ஆரஞ்சு என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழோடு தொடர்பு உண்டா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சமஸ்கிருதத்தில் நாரங்கம், பாரசீகத்தில் நாரங்க், அரபியில் நாரஞ்ச் என்று நடந்து ஐரோப்பாவுக்குப் போன சொல் அது. சமஸ்கிருதச் சொல்லே திராவிட மூலத்திலிருந்து வந்திருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். நம் நாரத்தையும் மலையாளத்து நாரங்ஙாவும் அதற்கு உறவு.

ஸ்பானியர்கள் இன்றும் நராங்ஹா என்கிறார்கள். ஆங்கிலத்தில் 'ந' ஏன் இல்லை?

பேசும்போது சொல்லுக்குச் சொல் நாம் இடைவெளி விடுவதில்லை. பதிவு செய்த பேச்சை அலைவடிவமாகத் திரையில் பாருங்கள். நடுவே தெரியும் மௌனங்கள் பல, 'ப', 'ட', 'க' சொல்ல வாய் அடைபடும் கணங்கள்தான். அவை சொல்லின் நடுவிலும் வரும். எங்கே பிரிப்பது என்பதைக் கேட்பவரின் மூளையே முடிவு செய்கிறது. 1996இல் ஜெனி சாஃப்ரனும் சக ஆய்வாளர்களும் பொருளற்ற அசைகளை இரண்டே நிமிடம் இடைவெளியின்றி ஒலிக்க விட்டார்கள். எந்த அசைக்குப் பின் எது வழக்கமாக வருகிறது என்பதை வைத்தே எட்டு மாதக் குழந்தைகள் அதில் 'சொற்களை' அடையாளம் கண்டுகொண்டன! எனக்கு இது தீராத வியப்பு.

இந்தப் பிரிப்பு சில இடங்களில் இரண்டு விதமாகவும் அமையலாம். இத்தாலியத்தில் 'உன்' என்றால் 'ஒரு'. 'உன் நராஞ்சோ' என்று வேகமாகச் சொன்னால் 'உன்னராஞ்சோ'. நம் புணர்ச்சி விதிப்படி 'உன் அராஞ்சோ' என்பதும் சேர்ந்தால் 'உன்னராஞ்சோ'தானே! தலைமுறைகள் மாற மாற, 'ந' முன்சொல்லோடு போய்விட்டது. பிரெஞ்சிலும் அது இல்லை. அங்கே தங்கத்தைக் குறிக்கும் 'ஓர்' என்ற சொல்லின் சாயலும் சேர்ந்து முதலெழுத்து 'ஓ' ஆனது. ஆங்கிலத்துக்கு வந்தது இந்த வடிவம்தான். ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் 'நாரஞ்சு' இருந்தது என்று பலர் எழுதுவது தவறு.

ஆனால் ஆங்கிலத்துக்குள்ளேயே இது நடந்திருக்கிறது. அங்கே 'எ', 'ஆன்' இரண்டுக்கும் 'ஒரு' என்று பொருள். சமைக்கும்போது உடைமேல் கட்டும் துணியைக் குறித்த 'எ நேப்ரன்' என்பது 'ஆன் ஏப்ரன்' ஆனது. அதன் உறவான நாப்கினில் 'ந' பத்திரமாக இருக்கிறது. எதிர்த்திசையிலும் உண்டு: கூடுதல் பெயர் என்ற பொருளில் இருந்த 'ஆன் ஈக்நேம்'தான் பட்டப்பெயரைக் குறிக்கும் நிக்நேம்.

இப்படி ஒவ்வொரு படிக்கும் பழைய எழுத்துச் சான்று தேடுவதுதான் சொற்பிறப்பியல். தமிழ்க் 'கொல்' என்பதும் ஆங்கிலக் 'கில்' (kill) என்பதும் ஒலியில் ஒத்திருக்கின்றன என்பதற்காக ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று பரப்புவதை நான் ஏற்பதில்லை. கட்டுமரம் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆனதற்கு 17ஆம் நூற்றாண்டிலேயே எழுத்துச் சான்று இருக்கிறது. பெருமைப்பட அதுபோன்ற சொற்கள் நமக்கு இருக்கின்றன.