ராசோ வானம்பாடிக்குக் காவல் படகுத்துறையில்தான்

மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால், காபோ வெர்டே தீவுக்கூட்டத்தில் இருக்கிறது ராசோ. பரப்பு சுமார் 7 சதுர கிலோமீட்டர், ஆள் குடியில்லை. 2018 வரை ராசோ வானம்பாடிக்கு எஞ்சியிருந்த வீடு இந்த ஒரு தீவுதான்.

மழை பொய்த்தால் அங்கே புல் கருகி, பூச்சியும் குறைந்துவிடும். அப்போது கைகொடுப்பது மணலுக்கடியில் கிடக்கும் கோரைக்கிழங்கு. ஆண் பறவை தலை மறையும் அளவுக்குக் குழி பறித்து அதை எடுக்கும். வேறொன்று கிட்டே வந்தால் விரட்டிவிடும். ஆணின் அலகு பெண்ணின் அலகைவிட ஏறக்குறைய 20 விழுக்காடு நீளம். பெண்ணுக்குக் கிழங்கு எளிதில் எட்டாது. அதனால் வறட்சிக்குப் பிறகு எஞ்சுவதில் ஆண்களே மிகுதி. 2000-களின் தொடக்கத்தில் மொத்தமே 100-க்குக் கீழே போனது. நல்ல மழைக்குப் பின் ஆயிரத்தைத் தாண்டியது. தலைக்கணக்கை மட்டும் பார்த்து நிம்மதி கொள்ளக் கூடாது, பெண் எத்தனை என்று எண்ண வேண்டும்.

கூடு தரையில் ஒரு சிறு பள்ளம், அவ்வளவுதான். முட்டையைத் தேடி ராட்சதப் பல்லி வரும். பல்லியை ஒழிக்கலாமே என்றால், கூடவே கூடாது: அதுவும் ராசோவிலும் பக்கத்துப் பிராங்கோவிலும் மட்டுமே வாழும் அரிய உயிர். எலியும் பூனையும் வந்தால்தான் ஆபத்து. சினையான ஓர் எலி கரையேறினால் மூன்றே வாரத்தில் குட்டி போட்டுவிடும். பூனையோ அடைகாக்கும் தாயையே கவ்விவிடும்.

ஆகவே ராசோவுக்குக் கொண்டுபோகும் பொருள்களின் சோதனை படகு ஏறும் முன்பே நடக்க வேண்டும். அட்டைப்பெட்டி, சாக்கு வேண்டாம். எலி, கரப்பான், எறும்பு ஒளிய அவைதான் தோதான இடம். சாப்பாட்டுப் பொருளை மூடி இறுகும் பிளாஸ்டிக் வாளியில் வையுங்கள். கூடாரத்தையும் கயிற்றுச் சுருளையும் முழுக்க விரித்து உதறுங்கள். ஷூவின் அடிப்பள்ளம், வெல்க்ரோ, காலுறை மடிப்பு மூன்றிலும் விதை ஒட்டியிருக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்தால் வந்துவிடும். பென்சில் நுழையும் இடைவெளி சுண்டெலிக்குப் போதும், எனவே கிழிந்த பை ஏற வேண்டாம். வழக்கமாக நடக்கும் தவறு வேறு: எல்லாம் சரியாகக் கட்டிவிட்டு, மூட்டைகளை இரவு முழுக்கத் துறையிலேயே போட்டுவைப்பது. அப்படிக் கிடந்ததை அவிழ்த்து மறுபடி பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். படகிலும் எலிப்பொறி இருக்கட்டும். எலி கயிற்றில் ஏறும், நீந்தவும் செய்யும். இரவில் படகைத் தீவோடு கட்டிவைக்கக் கூடாது.

2018-இல் ராசோவிலிருந்து 37 வானம்பாடிகளைப் பக்கத்திலுள்ள சாண்டா லூசியா தீவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பரப்பு ராசோவைப்போல் ஐந்து மடங்கு. ஆனால் பூனைகள் திரிந்த தீவு அது. அங்கே போகும் படகுக்கும் இதே சோதனைதான். மீன்பிடிப் படகில் துணைக்கு வரும் வளர்ப்புப் பூனையானாலும் கரையில் இறக்க விடாதீர்கள்.