குரங்கு பட்ட கரண்டும் பன்றிக்கு வைத்த கரண்டும்

கொழும்புப் பக்கத்துச் செய்திகளில் சில எங்கள் பக்கத்துக்கு வந்து சேரும்போது பகிடியாகத்தான் வந்து சேரும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணியளவில் முழு இலங்கையிலும் கரண்ட் நின்றது. கொழும்புக்குத் தெற்கே பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று எரிசக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி சொன்னார். கரண்ட் திரும்பி வர முன்னமே அந்தக் குரங்கு உலகப் பிரசித்தம் அடைந்துவிட்டது. அனுமார் அன்றைக்கு இலங்கையைக் கொளுத்தினார், இன்றைக்கு அணைத்துவிட்டார் என்று வட்சப்பில் ஒரே சிரிப்பு. கிளிநொச்சியில் அது காலபோக அறுவடைக் காலம். அரிசி ஆலைகள் நின்றதைப் பற்றி யாரும் படம் போடவில்லை.

நான் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீட்டு வயரிங்கும் மோட்டர் இணைப்பும் செய்கிறவன். பன்றிக்கென்று தோட்டத்தில் வைக்கிற கள்ளக் கரண்டைப் பற்றித்தான் எழுத வந்தேன், அதற்கு முன் இந்தக் குரங்கு. அதற்குப் பிறகு போன வீடெல்லாம் ஒரே கேள்விதான். "அண்ணை, உண்மையா ஒரு குரங்காலே நாடு முழுக்கக் கரண்ட் நிக்குமோ?"

நிற்கும். ஆனால் பழி முழுவதையும் குரங்கின் தலையில் போடுவது நியாயமில்லை. அது ஞாயிற்றுக்கிழமை. அலுவலகம், தொழிற்சாலை எல்லாம் பூட்டு, மின் பாவனை குறைவு. நல்ல வெயில், கூரைச் சோலரிலிருந்து கரண்ட் தாராளமாக வந்துகொண்டிருந்தது. அதனால் பெரிய சுழலிகள் குறைவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. லாண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தில் இருக்கிற பாரச் சில்லை நினைத்துப் பாருங்கள். பாரம் திடீரென்று ஏறினாலும் அந்தச் சில்லின் வேகம் இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டு போகும். மின்வலையமைப்பில் அந்த வேலையைச் செய்பவை அனல், நீர் மின் நிலையங்களின் பாரமான சுழலிகள். சோலர் தட்டில் சுழல்வதற்கு ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் அடி விழுந்ததும் செக்கனுக்கு 50 துடிப்பு என்று இருக்க வேண்டிய கரண்டின் அலைவெண் சரிய, ஒன்றன்பின் ஒன்றாக மின் நிலையங்கள் எல்லாம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கழன்றன. நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் நின்றுபோனதால் 10ஆம், 11ஆம் திகதிகளிலும் ஒன்றரை மணித்தியாலக் கரண்ட் கட் வந்தது ஞாபகம் இருக்கும். அந்த ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறை நாட்களில் பகலில் கூரைச் சோலரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டதும் இதே பயத்தில்தான்.

இப்படி நடப்பது எங்கள் நாட்டில் மட்டுமில்லை. 2016 ஜூனில் கென்யாவின் கிதாரு நீர்மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் விழ, நாடே இருண்டது. அந்தக் குரங்கு உயிரோடு தப்பிவிட்டது, அது வேறு அதிசயம். அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஜெனீவாவுக்குப் பக்கத்தில் விஞ்ஞானிகள் நிலத்துக்கு அடியில் வைத்திருக்கும் மாபெரும் துகள் மோதுவியை மரநாய் போன்ற ஒரு சின்னப் பிராணி வயரில் பட்டு நிறுத்தியது.

பல மணி நேரக் கரண்ட் இல்லாததற்குக் கொழும்பு அலறியதைப் பார்த்து எங்கள் பக்கத்து மூத்தவர்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது உண்மை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, எண்ணி எண்ணி மண்ணெண்ணெய் விட்டு எரித்தவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டவர்கள். யுத்த காலத்தில் வருடக்கணக்காக லைன் கரண்டே இல்லாமல் இருந்த மண் இது. எனக்குத் தோன்றுவது, அதனாலேயே கரண்டோடு எங்களுக்குப் பழக்கம் குறைவு என்று. வெடிபொருளுக்குப் பயப்படத் தெரிந்த சனம், வயருக்குப் பயப்பட இன்னும் பழகவில்லை.

காகம் லைனில் இருந்தால் ஒன்றும் நடப்பதில்லை, குரங்கு ஏன் சாகிறது என்று பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கேட்பார்கள். காகம் ஒரே கம்பியில்தான் இருக்கிறது, கரண்ட் அதற்குள்ளால் போய்ச் சேர வேறு இடம் இல்லை. குரங்குக்குக் கையும் வாலும் நீளம். ஒரு கை கம்பியில், வால் இரும்பில் என்றால் முடிந்தது. பழந்தின்னி வௌவால்கள் லைனில் தொங்கிச் செத்துக் கிடப்பதும் இதனால்தான், இரண்டு சிறகும் இரண்டு கம்பியில் பட்டிருக்கும். 33,000 வோல்ற் ட்ரான்ஸ்போமரில் குரங்கோ மயிலோ பட்டால் படார் என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு எங்கட சனம் இன்னும் ஒருக்கா பதறித்தான் அடங்கும். அதோடு ட்ரான்ஸ்போமருக்கு மேலே இருக்கிற டீடீஎல்ஓ என்ற பியூஸ் கழன்று தொங்கும். நீளத் தடி ஒன்றை எடுத்து அதைத் தட்டிப் போட்டுவிடலாம் என்று ஊருக்கு ஒரு கெட்டிக்காரர் இருப்பார். அவரைப் பிடித்து வையுங்கள். பச்சைத் தடிக்குள்ளால் 33,000 வோல்ற் தாராளமாக வரும், காய்ந்த தடியையும் நம்ப முடியாது.

இனி நான் எழுத வந்த பன்றிக் கரண்டுக்கு வருகிறேன். பாணந்துறைக் குரங்கு தற்செயலாகப் பட்டது. எங்கள் பக்கத்தில் மிருகம் படட்டும் என்றே கரண்ட் வைக்கிறார்கள்.

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கச்சான் தோட்டம். மோட்டர் பழுதென்று கூப்பிட்டிருந்தார்கள். வரம்போரமாக முழங்காலுக்குக் கீழே, பன்றியின் மூக்கு மட்டத்துக்குக் கட்டுக்கம்பி ஓடியிருந்தது. கிளிசரியாத் தடிகளை நட்டு, வெட்டிய பீவீசி குழாய்த் துண்டுகளை மாட்டி அதற்குள்ளால் கம்பி. ஒழுங்கான வேலைதான், கை சுத்தம். கம்பியின் மற்ற முனை ஒரு நீளத் தடியில் கொக்கியாக வளைந்து, மின்கம்பத்துக்குப் பக்கத்தில் வேலியில் சாத்தியிருந்தது. இரவு சாப்பிட்ட பிறகு லைனில் கொளுவுவது, விடிய முன்னம் கழற்றுவது.

"பன்றிக்குத்தானே அண்ணை போட்டனான், சனத்துக்கே போட்டனான்?"

"அது பன்றி, இது ஆள் எண்டு கரண்ட் பார்க்குமோ தம்பி?"

"பக்கத்து வயல்காரர் எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன்."

வீட்டில் மனுசிக்குச் சொன்னீரோ என்று கேட்டேன். பதில் வரவில்லை.

இப்படியான கம்பியில் அதிகம் மாட்டுப்படக்கூடியவர் அதைப் போட்டவர்தான். அரைத் தூக்கத்தில் விடியப்புறம் எழும்பிப் போகிறவர் அவர். மழை பெய்த இரவில் தண்ணீர் மாற்றப் போகிற அயலவர், மாட்டைத் தேடிப் போகிற பெடியன், வெட்டைக்குப் போகிற அம்மா எல்லாம் அதற்கு அடுத்த வரிசை. யானையும் சாகிறது. நாட்டில் யானைகள் சாவதற்கான முக்கிய காரணங்களில் துவக்குச் சூடு, இரைக்குள் ஒளித்து வைக்கிற வாய்வெடி ஆகியவற்றோடு இந்தக் கள்ளக் கரண்டும் ஒன்று.

நல்ல விவசாயிகளே நம்பிக்கொண்டிருக்கிற ஒரு பிழையான எண்ணம் உண்டு. "அரசாங்கமே யானைக்குக் கரண்ட் வேலி போடுது. அதில ஆயிரக்கணக்கில வோல்ற் ஓடுதாம். நாங்கள் போடுறது வெறும் 230 தானே?" காதில் விழும்போது கணக்குச் சரி போலத்தான் இருக்கும்.

யானை வேலிக்குப் பின்னால் எனர்ஜைசர் என்ற பெட்டி இருக்கிறது. அது பற்றரியிலோ சோலரிலோ ஓடும். ஐயாயிரம், எட்டாயிரம் வோல்ற் கொடுக்கும்தான், ஆனால் கொடுப்பது செக்கனுக்கு ஒரு தடவை, அதுவும் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். அந்த ஒரு அடிக்குள் இருக்கும் சக்திக்கும் சர்வதேச எல்லை உண்டு, 5 ஜூல். பட்டால் தூக்கி வாரிப்போடும், ஆனால் அடுத்த அடி வரமுன் கையை எடுத்துவிடலாம். லைனில் கொளுவிய கம்பி விடாது. 10 மில்லி அம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்த கையைத் திறக்க முடியாமல் போகும். 50 முதல் 100 மில்லி அம்பியர் சில செக்கன்கள் போனால் இதயம் தாளம் தவறும். வீட்டில் போடுகிற 9 வாட் எல்ஈடி பல்பே ஏறக்குறைய 40 மில்லி அம்பியர் எடுக்கிறது. நனைந்த வயலில் வெறுங்காலோடு நிற்கிறவரின் உடம்புத் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230ஐ ஆயிரத்தால் பிரித்தால் 230 மில்லி அம்பியர்.

அப்படியென்றால் ட்ரிப் சுவிட்ச் விழாதா? வீட்டில் இருக்கிற ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழும். கொக்கி போடுகிறவர் மீற்றருக்கு வெளியே, லைனிலேயே போடுகிறார். அந்தப் பாதையில் ட்ரிப் சுவிட்ச் கிடையாது. ட்ரான்ஸ்போமரில் இருக்கிற பியூஸுக்கு ஒரு மனிதன் துடிப்பது 53 வாட் பல்பு ஒன்று எரிவதாகத்தான் கணக்கு, அது அசையாது. வீட்டிலிருந்தே வயர் இழுத்து, ஈரத்துக்கு ட்ரிப் விழுந்துகொண்டே இருக்கிறதென்று ட்ரிப் சுவிட்சையே விலக்கி நேரே இணைத்தவர்களும் உண்டு. அவர்கள் தோட்டத்தோடு சேர்த்து வீட்டுக் குளியலறை, கிணற்று மோட்டர், ஐயன் பொக்ஸ் எல்லாவற்றின் காவலையும் கழற்றிவிடுகிறார்கள். ட்ரிப் சுவிட்சில் "T" என்று ஒரு பொத்தான் இருக்கும், மாதம் ஒருக்கா அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் அது சுவரில் தொங்கும் அலங்காரம்.

கமக்காரரின் வயிற்றெரிச்சல் எனக்கு விளங்குகிறது. 2025 மார்ச் 15 காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் தோட்டத்தில் நிற்கிற குரங்கு, மயில், பன்றி, அணில்களை அரசாங்கம் நாடு முழுக்க எண்ணச் சொன்னதே, அதையும் நகரத்தில் பகிடியாகத்தான் பார்த்தார்கள். வன்னியில் ஒரு இரவில் பன்றி உழுதுவிட்டுப்போன கச்சான் பாத்தியைப் பார்த்தவருக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் படிவத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஐயா கேட்டார், "பகல் எட்டு மணிக்குப் பன்றி எங்க தம்பி நிக்கும்?" எனக்கும் பதில் தெரியவில்லை.

முறையான எனர்ஜைசர் வேலிக்குக் காசு வேண்டும், மறுக்கவில்லை. தனியே முடியாவிட்டால் பக்கத்துப் பக்கத்துக் காணிக்காரர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். ஒரு பெட்டி பல ஏக்கரைச் சுற்றிப் போகும். பன்றிக்கென்றால் நிலத்திலிருந்து ஒரு அடிக்குள் ஒரு கம்பி கட்டாயம் ஓட வேண்டும், எர்த் கம்பி ஈரமான இடத்தில் ஆழமாக இறங்க வேண்டும். புல் வளர்ந்து கம்பியில் பட்டால் அடி குறைந்துவிடும், அதனால் கீழே செருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். "வேலி வேலை செய்யுதில்லை" என்று கூப்பிடுகிற இடங்களில் பெரும்பாலும் புல்தான் குற்றவாளி. அந்தக் கோபத்தில் எனர்ஜைசரைக் கழற்றிவிட்டு அதே கம்பியை வீட்டு லைனில் கொளுவுவதைப் போல ஆபத்தான வேலை வேறு இல்லை, ஏனென்றால் அது சும்மா அடிக்கிற வேலி என்று ஊரே பழகியிருக்கும்.

ஒருவர் கம்பியில் விழுந்து கிடந்தால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள், தூக்கப் போனவரும் பக்கத்தில் விழுந்த சம்பவங்கள் எங்கும் உண்டு. வீட்டு இணைப்பென்றால் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். லைனில் கொளுவியதென்றால் தொடாமல் தூர நின்று மின்தடை அறிவிக்கிற 1987க்கு அழைத்து லைனை நிறுத்தச் சொல்லுங்கள், 1990 அம்புலன்சுக்கும் அதே நேரம் அழையுங்கள். கரண்ட் நின்றது உறுதியான பிறகு, மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எழும்பி இருந்து தண்ணீர் கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், இதயத்தின் தாளம் பிறகும் தவறலாம். சோளகக் காற்றுக்குக் காவோலை விழுந்து லைன் அறுந்து கிடந்தால் பத்து மீற்றருக்குள் ஒருவரையும் விடாதீர்கள்.

அனுமதியில்லாமல் லைனில் கொளுவுவது குற்றம். ஆள் செத்தால் வழக்கு வேறு, யானை செத்தால் அதுவும் வேறு வழக்கு. ஆனால் சட்டத்தைச் சொல்லி நான் ஒருவரையும் திருத்தியதில்லை. கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் நான் கேட்கிறது ஒன்றுதான்: இந்த வாய்க்கால் வழியே இரவில் எந்தெந்த வரம்பில் கால் வைக்கக்கூடாது? முதலில் எல்லோரும் நிலத்தைப் பார்ப்பார்கள். பிறகு பின்வரிசையில் இருக்கிற பெண்களில் யாராவது ஒருவர் காணியின் பெயரைச் சொல்லத் தொடங்குவார். பொலிசுக்குப் போக முன்னம் அந்தக் காணிக்காரரோடு அங்கேயே கதைத்துக் கொக்கித் தடியைக் கழற்ற வைக்க முடிந்த இடங்கள் உண்டு. 1987க்கு அழைக்கும்போது மின்பட்டியலில் இருக்கிற கணக்கு இலக்கத்தைக் கேட்பார்கள், அதைப் போனில் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.