வெளிநாட்டில் வேலை செய்பவர் ஐ.டி.ஆர்.-1 தாக்கல் செய்யலாமா?

சென்ற வாரம் ஒரு பெரியவர் மஞ்சள் பையுடன் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, குவைத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கும் தம் மகனின் வருமான வரி ரிட்டர்ன் நகலை மேசைமேல் வைத்தார். உள்ளூர் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் 500 ரூபாய் கொடுத்துத் தாக்கல் செய்தது. படிவம் ஐ.டி.ஆர்.-1. கட்ட வேண்டிய வரி பூஜ்யம். இந்த ஒரு மாதத்தில் இதே தவறோடு என் மேசைக்கு வந்த ஐந்தாவது கோப்பு இது என்பதால், இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்குவதைவிட எழுதிவிடுவதே மேல் என்று தோன்றியது.

ஐ.டி.ஆர்.-1 என்பது இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரிய படிவம். அதைத் தேர்ந்தெடுக்கும் கணத்திலேயே, குவைத்தில் இருப்பவர் ‘நான் இந்தியாவில் வசிப்பவன்’ என்று வருமான வரித் துறைக்கு எழுதிக் கொடுத்தவர் ஆகிவிடுகிறார். தொழில் வருமானம் இல்லாத என்.ஆர்.ஐ. (வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காத இந்தியர்) ஒருவருக்கு உரியது ஐ.டி.ஆர்.-2. பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்: “பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரியே கிடையாதுன்னு டி.வி.யிலேயே சொன்னாங்களே சார்?”

சொன்னார்கள், யாருக்குச் சொன்னார்கள் என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில், எல்லோருக்கும் பொதுவாக வரியில்லாத வரம்பு 4 லட்சம் ரூபாய் மட்டுமே. அதற்கு மேல் 8 லட்சம் வரை 5 சதவீதமும், 12 லட்சம் வரை 10 சதவீதமும் வரி உண்டு. அப்படிக் கணக்கிட்டு வரும் வரியை, மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்குத் தள்ளுபடி செய்கிறார்கள். வரம்பு வேறு, தள்ளுபடி வேறு. அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உண்டு. பெரியவரின் மகனுக்கு ஒரு கட்டடத்திலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வாடகை வருகிறது. சட்டம் அனுமதிக்கும் 30 சதவீதக் கழிவு போக 8,40,000, வங்கி வட்டி 60,000, ஆக 9 லட்சம். இதே வருமானம் பெறும் அடுத்த வீட்டுக்காரருக்கு வரி பூஜ்யம். இவருக்கோ 30,000 ரூபாய் வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31,200, தாமத வட்டி தனி. இது நியாயமா என்று என்னிடம் வாதாடுவதில் பயனில்லை. நான் சட்டம் இயற்றுபவன் அல்லன்.

சரி, அவர் என்.ஆர்.ஐ. என்பதை எப்படித் தீர்மானிப்பது? விசாவும், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை இங்கே போட்டுவைக்கும் என்.ஆர்.இ. வங்கிக் கணக்கும், ஊரார் சொல்லும் பட்டமும் அதைத் தீர்மானிப்பதில்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை இந்தியாவில் இருந்த நாட்களே தீர்மானிக்கின்றன, அதுவும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக. வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு விடுமுறையில் வந்து போகும் இந்தியக் குடிமகனுக்கு, 182 நாட்களுக்குக் குறைவாக இங்கே இருந்தால் போதும். (இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுவோருக்கு 120 நாட்கள் என்ற கடுமையான கணக்கு உண்டு, அவர்கள் இந்தக் கட்டுரையை நம்பாமல் நேரில் ஆலோசிப்பது நல்லது.) வாட்ஸ்அப்பில் மகன் அனுப்பிய பாஸ்போர்ட் பக்கங்களை வைத்துக்கொண்டு, பென்சிலால் நாள் எண்ணினோம். ஒரு முத்திரையில் மாதம் 3-ஆ 8-ஆ என்றே தெரியாமல் மை பரவியிருந்தது. விமான டிக்கெட்டைத் தேடி எடுக்கச் சொல்லி உறுதி செய்துகொண்டோம். வந்த நாளையும் புறப்பட்ட நாளையும் சேர்த்தே எண்ணி 41 நாட்கள். அப்படி எண்ணுவதுதான் பாதுகாப்பு. முத்திரையே இல்லாத தானியங்கி வாயில்கள் பெருகிவரும் காலத்தில் போர்டிங் பாஸ்களைத் தூக்கி எறியாதீர்கள்.

நாள் கணக்கு அதிகம் காலை வாருவது முதன்முதலாக வேலைக்குப் புறப்படும் ஆண்டில்தான். அக்டோபர் 10-ஆம் தேதி விமானம் ஏறுபவர், ஏப்ரலிலிருந்து 193 நாட்களை இங்கேயே கழித்துவிட்டவர். அந்த நிதியாண்டுக்கு அவர் இந்தியாவில் வசிப்பவர்தான். அதுவரை ஊரிலேயே வாழ்ந்தவர் என்றால், மார்ச் வரை வளைகுடாவில் வாங்கிய சம்பளமும் அங்கே தொடங்கிய வங்கிக் கணக்கும் இந்திய ரிட்டர்னில் இடம்பெற வேண்டும். செப்டம்பர் 28-க்குள் புறப்பட்டிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. பயணத் தேதி உங்கள் கையில் இருக்குமானால், டிக்கெட் எடுப்பதற்கு முன் தயவுசெய்து ஒரு முறை நாட்காட்டியைப் பாருங்கள்.

வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை, என்.ஆர்.இ. வட்டிக்கும் இல்லை, ஆகவே ரிட்டர்னே வேண்டாம் என்று இருப்பவர்கள் இன்னொரு வகை. முதல் இரண்டும் என்.ஆர்.ஐ.க்குச் சரி, மூன்றாவதால் சொந்தப் பணத்தை இழப்பவர்களே அதிகம். இந்தியாவில் வரும் பணத்துக்காக என்.ஆர்.ஐ. வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்கின் வைப்புத்தொகை வட்டியில், வங்கி 31.2 சதவீதத்தை டி.டி.எஸ். ஆக, அதாவது முன்கூட்டிய வரியாக, பிடித்துவிடும். ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் வட்டி என்றால் பிடித்தம் 74,880. இங்கே வேறு வருமானம் இல்லாதவருக்கு அந்தத் தொகை முழுவதும் ரீஃபண்டாகத் திரும்பக் கிடைக்கும், ரிட்டர்ன் போட்டால்! ஜூலை 31-ஐத் தவறவிட்டால் தாமதக் கட்டணத்துடன் டிசம்பர் 31 வரை போடலாம். அதையும் விட்டுவிட்டு ஐந்து மாதம் கழித்து வந்து நின்றால், தாமதத்தை மன்னிக்கும்படி துறைக்கு மனுப் போட்டுக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

மனை விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பவர் என்.ஆர்.ஐ. என்றால், வாங்குபவர் வழக்கமான ஒரு சதவீதம் பிடித்துக் கணக்கை முடித்துவிட முடியாது. பிடித்தம் பல மடங்கு பெரியது; அதைக் குறைப்பதற்கான சான்றிதழைப் பத்திரப்பதிவுக்கு முன்பே வருமான வரித் துறையிடம் வாங்க வேண்டும். பதிவு முடிந்த மறுநாள் என்னைத் தொலைபேசியில் அழைப்பவர்களுக்கு என்னால் ஆறுதல் மட்டுமே சொல்ல முடிகிறது.

பெரியவரின் மகனுக்கு ஐ.டி.ஆர்.-2-இல் திருத்திய ரிட்டர்ன் போட உட்கார்ந்தபோது அடுத்த சிக்கல் வந்தது. வருமான வரித் தளத்தில் பதிவாகியிருந்த மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் மகனுடையவை அல்ல, கம்ப்யூட்டர் சென்டர்காரருடையவை. துறையின் கடிதங்கள் எல்லாம் மின்னஞ்சலில்தான் வருகின்றன. அவர் திறந்து பார்க்காத நோட்டீஸ் உங்களுக்கு வந்ததாகவே கணக்கு. ஆதாரில் இருந்த எண்ணோ ரீசார்ஜ் செய்யாமல் என்றோ செத்துப்போன சிம். ஓ.டி.பி.க்கு வழியில்லாமல், நெட் பேங்கிங் வழியாக உள்ளே நுழைந்து, ரிட்டர்ன் தம்முடையதுதான் என்று மகன் உறுதி செய்யும் சரிபார்ப்பை முடிக்க இரண்டு நாளானது. தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் சரிபார்க்காத ரிட்டர்ன், உரிய தேதியில் போட்டதாகவே கருதப்படாது. இந்த ஜூலையில் வேறு எதுவும் செய்யாவிட்டாலும், உங்கள் கணக்கைத் திறந்து, அதில் இருப்பது யாருடைய எண் என்று மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.