மைல் குறைவு, செலவு அதிகம்: பழைய மோட்டார்ஹோமுக்குள் நடக்கும் வேதியியல்

அமெரிக்காவில் பழைய மோட்டார்ஹோம், அதாவது ஓட்டிச் செல்லும் வீட்டு வண்டி, விற்பவர்கள் பெருமையாகச் சொல்லும் ஒரு வரி உண்டு: "15 வருட வண்டி, 28,000 மைல்தான் ஓடியிருக்கிறது." கார் என்றால் இதைக் கேட்டதும் முன்பணம் கொடுத்துவிடலாம். வருடத்துக்கு 2,000 மைல்கூட ஓடாத எஞ்சினில் தேய்மானம் என்ன இருக்கப் போகிறது? மோட்டார்ஹோமில் இந்தக் கணக்கு எடுபடாது. கோடையில் சில வாரம் ஊர் சுற்றிவிட்டு, மிச்ச நாளெல்லாம் வெயிலிலும் பனியிலும் வீட்டோரம் நிற்கிற வண்டி அது. வாங்கியவரின் பர்ஸைக் காலி செய்யும் பழுதுகளில் பல, நின்றே வருபவை.

கொரோனா காலத்து மோகத்தில் 2021இல் மட்டும் வட அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து 6 லட்சம் ஆர்.வி.க்கள் (தங்கிப் பயணிக்கும் வண்டிகள்) வெளியே வந்தன, வேறு வண்டியில் பூட்டி இழுத்துச் செல்லும் வகையையும் சேர்த்து. ஆசை தணிந்ததும் அவற்றில் பல கைமாறத் தொடங்கிவிட்டன. அதனால் இந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ள இது நல்ல நேரம்தான்.

முதலில் ஒன்று. மோட்டார்ஹோம் என்பது ஒரு வண்டி, அதன் முதுகில் ஒரு வீடு. அடிச்சட்டமும் எஞ்சினும் பெரும்பாலும் ஃபோர்டு போன்ற நிறுவனத்திலிருந்து வரும். அதன்மேல் வீட்டைக் கட்டுவது வேறொரு கம்பெனி. இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் இந்தத் தொழில்தான் பிழைப்பே. வண்டிப் பகுதி பெரும்பாலும் முரடாக உழைக்கும். கெடுவது வீடு.

அந்த வீட்டின் முதல் எதிரி தண்ணீர். கூரை மேல் ரப்பர் போன்ற ஒரு விரிப்பு ஒட்டியிருக்கும். அதில் ஏ.சி.க்கு ஒரு ஓட்டை, காற்றுப்போக்கிக்கு ஒன்று, ஆன்டெனாவுக்கு ஒன்று, கழிவுக் குழாய்க்கு ஒன்று என்று வரிசையாக வெட்டி, ஒவ்வொன்றையும் சுற்றி சீலன்ட் என்ற அடைப்புப் பசை பூசியிருப்பார்கள். கூரையும் சுவரும் சேரும் விளிம்பில் நீளமான அலுமினியப் பட்டை. இங்கேதான் இயற்பியல் தன் வேலையைக் காட்டுகிறது. 6 மீட்டர் அலுமினியப் பட்டை ஒன்றைத் தடையில்லாமல் விட்டால், மைனஸ் 20 டிகிரி குளிருக்கும் 50 டிகிரி வெயிலுக்கும் நடுவில் அது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீண்டு சுருங்கும். அதற்கு அடியில் இருக்கும் மரச்சட்டம் அந்த அளவில் கால்பங்குகூட நகராது. இரண்டையும் பிடித்து வைத்திருப்பது திருகாணிகளும் நடுவில் கிடக்கும் ஒட்டும் பசையும். புதிதாக இருக்கும்போது அந்தப் பசை இழுத்த இழுப்புக்கு வளையும். புற ஊதாக் கதிரில் சில வருடம் காய்ந்தபின் வளையாது, வெடிக்கும். மயிரிழை வெடிப்பு போதும். நுண்துளை ஈர்ப்பில் தண்ணீர் தானாகவே உள்ளே ஏறும்.

உள்ளே போன தண்ணீர் நேரே கீழே சொட்டினால் எவ்வளவோ நல்லது, கண்ணில் பட்டுவிடும். அது சொட்டாது. சுவர் என்பது மேலே ஃபைபர்கிளாஸ் தகடு, அதன் பின்னால் சில மில்லிமீட்டர் பிளைவுட், அப்புறம் தெர்மோகோல் போன்ற நுரை, உள்ளே இன்னொரு பிளைவுட், எல்லாம் சேர்த்து ஒட்டிய அடுக்கு. தண்ணீர் அந்த அடுக்குகளுக்குள் ஊர்ந்து, நுழைந்த இடத்திலிருந்து பல அடி தள்ளிப் போய்த் தங்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதைத் தின்னும் பூஞ்சை தலையெடுக்காது. அதைத் தாண்டி ஈரமாகவே கிடந்தால் பிளைவுட் உளுத்து மாவாகும், ஒட்டிய பசை விடும், வெளித் தகடு உப்பிக்கொள்ளும். இந்த உப்பலை நேருக்கு நேர் நின்று பார்த்தால் தெரியாது. சுவரோடு கன்னத்தை ஒட்டி வைத்து நீளவாக்கில் பார்க்க வேண்டும். பிரதிபலிப்பு நேர்கோடாக ஓடாமல் நெளிந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஓட்டுநர் தலைக்குமேல் படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் 'கிளாஸ் சி' வண்டியில் முதலில் போக வேண்டியது அந்தப் படுக்கைக்குத்தான். மெத்தையைத் தூக்கி முன்மூலைப் பலகையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பலகை திடமாக எதிர்க்க வேண்டும். அட்டை மாதிரி அமுங்கினால் கதை முடிந்தது. வெளியே இன்னொரு சோதனை: விளிம்புப் பட்டையின் நடுவில் திருகாணித் தலைகளை மறைத்து ஒரு பிளாஸ்டிக் நாடா ஓடும். விற்பவரின் அனுமதியோடு அதை ஓர் அடி நீளத்துக்கு உரித்து, ஒரே ஒரு திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். பளபளப்பாக வந்தால் நிம்மதி. துருப்பிடித்து இடுப்பு மெலிந்து வந்தால், அல்லது திருப்பத் திருப்ப வெறுமனே சுற்றினால், அதைப் பிடிக்க அங்கே மரமே இல்லை என்று பொருள். இரண்டு ஊசி வைத்த ஈரமானி ஒன்றும் கையில் இருக்கட்டும். காய்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்தாது, ஈரமான மரம் கடத்தும். ஊசிகளுக்கு இடையிலான மின்தடையை அளந்து அது ஈரப்பதத்தைச் சொல்லிவிடும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் மற்ற எல்லாப் பழுதுகளையும் பேரம் பேசிச் சமாளிக்கலாம். ஊறிப்போன சுவருக்கு மட்டும் பேரம் கிடையாது. திரும்பி நடப்பதுதான் வழி.

அடுத்தது ஃபிரிட்ஜ். எனக்குப் பிடித்த பொருள் இது, ஏனென்றால் இதில் அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. 1922இல் ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கிய அமைப்பு. பழைய மோட்டார்ஹோம்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். நெருப்பை வைத்துக் குளிரூட்டுகிறது என்றால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள்.

பின்பக்கக் குழாய்களுக்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் அடைத்து மூடப்பட்டிருக்கும். கீழே சிறு புரொப்பேன் சுடர், தண்ணீரில் கரைந்த அம்மோனியாவைச் சூடாக்கும். உலை கொதிக்கும்போது குமிழிகள் கஞ்சியை மேலே தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி, இங்கேயும் குமிழிகளே ஒரு மெல்லிய குழாய் வழியாகத் திரவத்தை மேலேற்றிவிடும். பம்ப் தேவையில்லை. பிரிந்த அம்மோனியா ஆவி உச்சியில் குளிர்ந்து திரவமாகி, ஃபிரிட்ஜின் உறைபெட்டிக் குழாய்க்குள் வழியும். அங்கே ஹைட்ரஜன் காத்திருக்கிறது. மொத்த அழுத்தத்தில் பெரும்பங்கை ஹைட்ரஜன் ஏற்றுக்கொள்வதால் அம்மோனியாவின் பங்கு சட்டென்று குறைகிறது. உடனே அது ஆவியாகிறது, அதற்கு வேண்டிய வெப்பத்தை நம் பாலிலிருந்தும் தயிரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. பிறகு கனத்த கலவையாகக் கீழே இறங்க, தண்ணீர் அம்மோனியாவை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். லேசான ஹைட்ரஜன் மேலே திரும்பிவிடும்.

எல்லாமே புவியீர்ப்பில் நடப்பதால், வண்டி மட்டமாக நிற்க வேண்டும். சில டிகிரிக்கு மேல் சாய்வான இடத்தில் நிறுத்தி ஃபிரிட்ஜை ஓட விட்டால், திரும்பி வர வேண்டிய திரவம் வழியில் எங்கோ தேங்கிவிடும். கொதிகுழாய் வறண்டு அளவுக்கு மீறிச் சூடாகும். இரும்பு அரிக்காமலிருக்கத் திரவத்தில் கலந்திருக்கும் சோடியம் குரோமேட் படிந்து, அந்த மெல்லிய குழாயை நிரந்தரமாக அடைத்துவிடும். ஓடும்போது வண்டி எவ்வளவு சாய்ந்தாலும் குலுங்கிக் குலுங்கித் திரவம் வந்துவிடும், பாதகமில்லை. நின்றபடி சாய்ந்தால்தான் கேடு. வீட்டு வாசல் சரிவில் நிறுத்தி, பயணத்துக்கு முந்தின இரவு ஃபிரிட்ஜைப் போட்டுவிட்டுத் தூங்கப் போவது பலருடைய வழக்கம். அப்படிக் கொன்ற ஃபிரிட்ஜை மாற்ற ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். இது குளிர்ந்து காட்ட அரை நாளுக்கு மேல் எடுக்கும் என்பதால், "நாளை காலை வருகிறேன், இன்றே போட்டு வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் சரி. அம்மோனியா நெடியோ, பின்பக்கம் மஞ்சள் கறையோ இருந்தால் போட்டுப் பார்க்கவே தேவையில்லை.

சுடருக்கு எரிபொருள் புரொப்பேன் என்றேன். நம் ஊர் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கும். அது பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே ஆவியாகாது, அமெரிக்கப் பனியில் அடுப்பு அணைந்துவிடும். புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42.

டயருக்கு வருவோம். பட்டன் தேயாமல் புதுசு மாதிரி நிற்கும், ஆனால் வயதாகியிருக்கும். ரப்பரின் வேதிப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் வெட்டிக்கொண்டே இருக்கிறது. அதைத் தடுக்க ரப்பரில் மெழுகும் வேறு பாதுகாப்பு வேதிப்பொருள்களும் சேர்க்கிறார்கள். டயர் உருண்டு வளைந்து கொடுக்கும்போதுதான் அவை உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து வரும். நிற்கும் டயருக்கு அந்தக் கவசம் புதுப்பிக்கப்படாது. பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் விழும். டயரில் டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கம்) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. முழுக் குறியீடு ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் போதும் என்பது விதி, ஆகவே பின்சக்கர ஜோடியில் உள்டயரின் வயதைப் பார்க்க வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியிருக்கும். படுங்கள். பத்து வயதைத் தாண்டிய டயரை, எப்படி இருந்தாலும் மாற்றிவிடச் சொல்கிறது டயர் நிறுவனமான மிஷெலின். 'கிளாஸ் சி' வண்டிக்கு ஆறு டயர்.

பேட்டரியும் ஜெனரேட்டரும் இதே ரகம். ஈயப் பேட்டரி மின்னிறங்கும்போது தட்டுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் கரைந்துவிடும், வாரக்கணக்கில் விட்டால் கெட்டிப் படிகமாகி அந்த இடத்தைச் செயலிழக்கச் செய்யும். அணைத்து வைத்த வண்டியிலும் கேஸ் கசிவு அலாரம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சார்ஜ் போட்ட கையோடு 12.7 வோல்ட் காட்டினாலும் ஏமாற வேண்டாம், விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து அளங்கள். ஜெனரேட்டரின் கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் காற்றோடு வினைபுரிந்து பிசினாகி நுண்துளையை அடைக்கும். "போன வருடம் ஓடியது" என்பார்கள். ஓடியிருக்கும்.

பிரேக் ஆயில் விஷயத்தில் ஆபத்து உயிருக்கு. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. டி.ஓ.டி. 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரிவரை கொதிக்காமல் தாங்கும், ஈரமேறியபின் அந்த வரம்பு 140. ஃபோர்டு ஈ-450 அடிச்சட்டத்தில் கட்டிய வண்டி முழுச் சுமையோடு ஆறரை டன்வரை போகும். ராக்கி மலை இறக்கத்தில் அதைப் பிரேக்கில் பிடித்துக்கொண்டே வந்தால், ஆயில் கொதித்துக் குமிழி விடும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. புது ஆயில் மாற்ற ஆகும் செலவு அற்பம், வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள்.

கடைசியாகக் குழாய்கள். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருகும். பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் வளைந்து கொடுத்துத் தப்பிக்கும், இணைப்புகளும் பம்பும் கழிவறை வால்வும் வெடிக்கும். சோதிப்பது எளிது: தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பம்பைப் போட்டு, எல்லாக் குழாயையும் மூடிவிடுங்கள். அழுத்தம் ஏறியதும் பம்ப் தானே நின்றுவிட வேண்டும். யாரும் குழாயைத் திறக்காமலே கொஞ்ச நேரத்துக்கொரு முறை அது ஓடி ஓடி நின்றால், எங்கோ ஒழுகுகிறது. குளிர்காலத்தில் விற்பனைக்கு வரும் வண்டியில் இதைச் செய்ய விடமாட்டார்கள், குழாய்க்குள் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவம் நிரப்பியிருப்பார்கள். அப்போது விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, பனி விட்டபின் தண்ணீர் விட்டுப் பார்த்துத் தருவதாக எழுதிக்கொள்ளலாம். விற்பவர் சம்மதிக்காவிட்டால் ஏப்ரல் வரை பொறுப்பதுதான் லாபம், அதற்குள் வேறு வண்டிகள் சந்தைக்கு வரத்தான் போகின்றன.